யார் வேண்டுமானாலும் படிக்கலாம்

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று சொல்லக்கூட வாய் வராமல் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறவள். மெயில் லிஸ்ட், ஃபோரம் என்றெல்லாம் எழுத விஷயம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் ஒழுங்காக இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றவள் நான் ஒருத்திதான். அதை நீங்களே எழுதுங்கள் என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டாள். பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. ஏன் என்று படித்தால் புரியும்.

எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாடியில் இருக்கிறது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். துணி காயப்போட்டால் எடுக்கும்போது நன்றாக உதறித்தான் மடிக்க வேண்டும். சில நாள் காற்றில் ஒரு வாடை வரும். கண் எரியும், தொண்டையைப் பிடிக்கும். எங்கிருந்து வருகிறது என்று தெருவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். சுற்றிலும் இத்தனை கம்பெனிகள் இருக்கும்போது யாரைக் கை காட்டுவது?

அதில் ஒரு கம்பெனியில்தான் என் வீட்டுக்காரர் வேலை செய்கிறார். காண்ட்ராக்டில் ஹெல்பர். கழுத்தில் கேட்பாஸ் தொங்கும். அது செல்லுகிற வரைக்கும்தான் வேலை. எங்கள் தெருவில் இன்னொருத்தர், வேறு கம்பெனியில் வெல்டராக இருந்தார். வாடை அதிகமாக வந்த ஒரு நாள் டிவிக்காரர்கள் மைக்கை நீட்ட, அவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டார். அடுத்த ஷிப்டுக்குப் போனபோது கேட்டில் உன் பெயர் லிஸ்டில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பேசியதால்தானா, வேறு காரணமா என்று இன்று வரை அவருக்குத் தெரியாது. இப்போது மாதவரத்தில் லாரிப் பட்டறைக்குப் போய் வருகிறார். அதற்குப் பிறகு மைக்கைப் பார்த்தால் எங்கள் தெருவில் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம்.

அப்படிப்பட்ட தெருவில்தான் அந்தப் பெண் வெள்ளைப் பெட்டியோடு வந்தாள். திருவொற்றியூர்ப் பெண். வாரம் முழுக்க ஐடி கம்பெனியில் வேலை, லீவு நாளில் இந்த வேலை. டிபன் டப்பா அளவு பெட்டி. மொட்டை மாடிச் சுவரில் மாட்டினால் காற்றை இழுத்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று அளந்து, எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை வாங்கி வைக்கிற புரோகிராமை அவளும் அவளைப் போல இன்னும் சிலரும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்து அவரவர் ஊரில் பயன்படுத்தலாம் என்றாள்.

பெட்டி வைக்க இடம் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"பெட்டிக்கு நம்பர்தான்க்கா தெரியும், நாத்தம் தெரியாது. வாடை எப்படிக் கீது, காத்து எந்தப் பக்கம், கண்ணு எரியுதான்னு நீங்க எழுதணும்."

"எனக்கு யார்கிட்டயும் பேச வராதும்மா."

"பேச வேணாம். மெயில் அனுப்புங்க. எங்க எல்லாருக்கும் ஒரே அட்ரஸ். ஒருத்தர் எழுதினா லிஸ்ட்ல கீற எல்லாருக்கும் போயிடும்."

அப்படித்தான் நான் மெயில் லிஸ்டில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு அது எனக்குப் பிடித்துப்போனது. போன் மணி அடித்தாலே எடுக்கத் தயங்குவேன். மெயிலில் யாரும் கூப்பிட மாட்டார்கள். நாம் படித்துவிட்டோமா என்று எதிராளிக்குத் தெரியாது. எழுதி, அழித்து, காய் நறுக்கிவிட்டு வந்து மறுபடி எழுதி அனுப்பலாம். பெட்டி நின்றுபோனால் எழுதினேன். மழை ஈரத்தில் எண் தாறுமாறாக ஏறினால் எழுதினேன். வாடை வந்தால் அது அழுகின முட்டை மாதிரியா, பிளீச்சிங் பவுடர் மாதிரியா, எரிந்த ரப்பர் மாதிரியா என்று யோசித்து எழுதினேன். வெளியூரில் பெட்டி வைத்திருப்பவர்கள் பதில் போடுவார்கள். "நன்றி அண்ணா" என்று எழுதுவார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இந்த வருடம் ஒரு மெயில் வந்தது. நாம் இருக்கும் இந்த இலவச லிஸ்டை நடத்துகிறவர்கள் மூடப் போகிறார்கள். எல்லோரும் சேர்ந்து வேறு இடம் முடிவு செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுகிறோம். முடிந்தவர்கள் வரவும்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்தப் பெண் போன் செய்து, "அக்கா, பெட்டி வெச்சிருக்கிற பொம்பளைங்கள்ல நீங்களாச்சும் வாங்க, இல்லன்னா ஆம்பளைங்களே முடிவு பண்ணிட்டுப் போயிடுவாங்க" என்றாள். மறுத்துச் சொல்வதற்கும் வாய் வேண்டும் அல்லவா. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கு அன்று முதல் ஷிப்ட். பஸ்ஸில் போகும்போதே பயம்தான். என்னை எழுந்து பேசச் சொன்னால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயம் ஒன்றுமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை, முழங்கால் இடித்தது. எல்லோருக்கும் முன்னால் நின்று பேசினவர் தாடி வைத்த ஒருவர். புரோகிராமை முதலில் எழுத ஆரம்பித்தது அவர்தானாம். அவருக்கு எதிர்ப்பேச்சு பேசினவர் காசிமேட்டு அண்ணன் ஒருவர். மீன் பிடிக்கிற லாஞ்சில் டிரைவர். அவர் வீட்டு மாடியிலும் ஒரு பெட்டி இருக்கிறது.

"மெயில யாரு நைனா பாக்கறா?" என்றார் அவர். "வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பு போடு. வாடை வந்துச்சா, மைக்க அமுக்கினமா, 'நாத்தம் குடல பொரட்டுது'ன்னு ஒரு வார்த்தை வுட்டமா, வேல முடிஞ்சுது."

"சரிண்ணே. ஆறு மாசத்துக்கு முன்னாடி பெட்டியோட ஃபேன் நின்னப்ப எப்படிச் சரி பண்ணோம்? அதை வாட்ஸ்அப்ல எங்க தேடுவீங்க?"

"நா இன்னாத்துக்குத் தேடறேன்? உன்னியே திரும்பக் கேக்கறேன்."

"அதான்ணே எனக்குப் பேஜாரு. எல்லாரும் என்னையே கேக்கறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். பெட்டிப் பெண் எழுந்து, வாட்ஸ்அப் என்றால் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும், அது சரி வராது என்றாள். "ஏற்கனவே வேற குரூப்புல இருந்து ஒருத்தன் என் நம்பர எடுத்து தெனம் குட்மார்னிங் அனுப்பிக்கினு கீறான். ரோஜாப்பூ படம் வேற."

"நா ஒண்ணும் அனுப்பலம்மா" என்றார் காசிமேட்டு அண்ணன்.

"நீங்க அனுப்புனா மீன் படம் வரும்ணே."

வாட்ஸ்அப் அத்தோடு போயிற்று. எனக்கு மூச்சு வந்தது. இன்னொரு மெயில் லிஸ்ட் வைத்துக்கொள்வார்கள், நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

தாடிக்காரர் மனதில் ஃபோரம் இருந்தது. அது ஒரு வலைத்தளம். பேச்சை எல்லாம் தலைப்புத் தலைப்பாக அடுக்கி வைத்துவிடும். புதிதாக வருகிறவர் உள்ளே நுழைய வேண்டியதில்லை, உறுப்பினராக வேண்டியதில்லை, வெளியிலிருந்தே தேடிப் படித்துக்கொள்ளலாம். பத்திரிகைக்காரர் படிக்கலாம், அதிகாரிகள் படிக்கலாம்.

"நாம எழுதறது நமக்குள்ளயே சுத்திக்கினு இருந்தா இன்னா பிரயோஜனம்? நாலு பேர் பாக்கணும்" என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. பலர் தலையாட்டினார்கள். "பாத்தா உங்களுக்கே பிடிக்கும். நேத்தே நம்ம பழைய மெயில் எல்லாத்தையும் இதுல ஏத்தி வெச்சிட்டேன்" என்று சொல்லி, லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டினார். ஜன்னலைச் சாத்தினார்கள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது.

"ஒரு உதாரணம் காட்டறேன். எண்ணூர்ல இருந்து ஒரு அண்ணன் எழுதுவாரு. நம்மள்ல இவர் அளவுக்கு யாரும் எழுதறதில்ல. காத்து எந்தப் பக்கம், எவ்ளோ நேரம், என்ன மாதிரி வாடை, எல்லாம் தெளிவா இருக்கும்."

எண்ணூரில் அப்படி யார் எழுதுகிறார் என்று நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

சுவரில் என் வீட்டுக்காரர் இருந்தார்.

வட்டத்துக்குள் அவர் முகம். பக்கத்தில் இனிஷியலோடு அவர் பெயர். புதுச் சட்டை போட்டு வாசலில் நின்று எடுத்த படம் அது. கழுத்தில் கேட்பாஸ். போனில் கடுகு அளவில் இருக்கும் படம் சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்தது. பாஸில் கம்பெனியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். அதற்குக் கீழே நான் எழுதியது. "காலையிலிருந்து அழுகின முட்டை வாடை. டேங்க் இருக்கிற பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது."

எப்படி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. போன் என் கையில் இருக்கிறதே தவிர வாங்கியது அவர். கடைக்காரன் அவருடைய ஆதாரை வாங்கி, அவர் பெயரிலேயே சிம்மும் மெயிலும் போட்டுக் கொடுத்தான். அவர் வேறு சிம், வேறு மெயிலோடு புதுப் போன் வாங்கியபோது பழையது எனக்கு வந்தது. நான் அனுப்பும் மெயிலுக்கு மேலே என் போனில் "நான்" என்றுதான் போட்டிருக்கும். நான் என்றால் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு அது அவராகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேஸ், கரண்ட், ரேஷன், எல்லாமே அவர் பெயரில்தான் இருக்கிறது, நான்தான் போய் நிற்கிறேன். யாரும் அதைக் கேட்டதில்லை.

தாடிக்காரர் விரலால் தள்ளத் தள்ள என் வீட்டுக்காரர் முகம் மேலே போய், கீழிருந்து மறுபடி வந்தது. ஒவ்வொரு வாடைக்கும் ஒரு முகம். வெல்டரின் பெயர் கேட் லிஸ்டில் இல்லாமல் போனதற்கு இரண்டு வார்த்தைதான் காரணம் என்றால், இங்கே எத்தனை வார்த்தை இருந்தது. அறையில் இருப்பவர்களில் யாருக்காவது அந்தக் கம்பெனியில் ஆள் தெரிந்திருந்தால்? யாராவது போனில் படம் எடுத்தால்? முன் பெஞ்சில் ஒருவர் போனைத் தூக்கினார். நேரம் பார்க்கத் தூக்கினாரா என்று இப்போதும் தெரியாது.

நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எழுந்தேன். பெஞ்சில் முழங்கால் இடித்தது. நடந்து போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டேன். வெளிச்சத்தில் கண் கூசியது. குனிந்து பார்த்தபோது அவர் முகம் என் புடவை மடிப்பில் கோணலாக விழுந்திருந்தது. முந்தானையை விரித்துப் பிடித்தேன், இன்னும் கொஞ்சம் சுவர் மறையட்டும் என்று.

"அக்கா, மறைக்குது" என்று யாரோ சொன்னார்கள்.

நான் நகரவில்லை.

"இந்தாம்மா, பாத்ரூம் அந்தாண்ட கீது" என்றார் காசிமேட்டு அண்ணன், நல்ல மனதோடுதான்.

"இவரு என் வூட்டுக்காரரு" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். மறுபடி சொன்னேன். "எழுதினது நான். அவருக்குத் தெரியாது. அவரு அங்கதான் வேல செய்யறாரு."

பெட்டிப் பெண் ஓடிப்போய் லேப்டாப்பை மூடினாள். சுவர் வெறும் சுவரானது. தாடிக்காரர் என் பக்கம் பார்க்க முடியாமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

காசிமேட்டு அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "நைனா, என் பேர தட்டினா எவன் மூஞ்சி வரும்?"

"உங்க மூஞ்சிதாண்ணே."

"என்னுது எப்டி வரும்? நா என் பொண்ணு போன்ல இருந்துதான அனுப்பறேன். அது காலேஜ் படிக்குது. கல்யாணத்துக்கு வேற பாத்துக்கினு கீறோம்."

பின்னாலிருந்து ஒருவர், தன்னுடையது மச்சான் மெயில் என்றார். மச்சான் துறைமுகத்தில் இருக்கிறாராம். இன்னொருவர் தான் வேலை செய்த சாத்தாங்காடு இரும்புக் கடையின் மெயிலிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார், முதலாளியின் பெயரில். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு யாருடைய பெயரிலோ இத்தனை நாள் பேசியிருக்கிறோம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

தாடிக்காரர் மெதுவாகச் சொன்னார். ஃபோரத்தை இப்போதே அழித்துவிடுகிறேன், நேற்றுத்தான் ஏற்றினேன், தேடினால் வராது. "வரக் கூடாது" என்று திருத்திக்கொண்டார். அப்படியானால் வந்தாலும் வரலாம் என்று எனக்குப் புரிந்தது.

பெட்டிப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கி, பெயரையும் படத்தையும் மாற்றினாள். அவர் முகம் இருந்த இடத்தில் ஒரு சூரியகாந்திப் பூ வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அவர் பேர்ல மெயில் வர்றத பாத்தேன், எல்லா வீட்லயும் அப்படித்தானேன்னு விட்டுட்டேன். ஏற்கனவே போன மெயில்ல இது மாறாது. அப்புறம், நம்ம பழைய லிஸ்டும் திறந்துதான் கீது. யார் வேணா வெளியில இருந்து படிக்கலாம். ஆரம்பத்துல இருந்தே."

"ஆரம்பத்துல இருந்தேவா?"

"ஆமாக்கா. நாங்க அதை நல்லதுன்னு நெனச்சுதான் வெச்சோம்."

மூடப் போகிறார்கள் என்று நான் வருத்தப்பட்ட இடம் அது. இப்போது இன்றைக்கே மூடித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. மெயில் லிஸ்ட்தான், ஆனால் உள்ளே இருப்பவர்கள் மட்டும் படிக்கிற மாதிரி. பெட்டியின் எண்கள் மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி தனிப் பக்கத்தில், எந்த வீடு என்று இல்லாமல். தாடிக்காரருக்கு மனசில்லை. "புதுசா வர்றவங்க ஒவ்வொருத்தரும் முதல்ல இருந்து கேப்பாங்க. வெளியில ஒருத்தருக்கும் நம்ம பேச்சு கேக்காது" என்றார். அது உண்மை. கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். பேச்சு வெளியே கேட்கக் கூடாது என்று கை தூக்கினவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சு வாங்கியதை எழுதியதும் நான்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க அன்று எனக்குத் தெம்பு இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தேன். அவர் பெயரில் ஊரில் எத்தனை பேர். ஒரு வக்கீல், ஒரு கபடி வீரர், இறந்துபோன ஒரு பெரியவர். கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் அடுத்தது அவர்தானோ என்று விரலை நிறுத்தினேன். திருவொற்றியூர் தாண்டும்போது சிக்னல் போய்விட்டது. அதுவும் நல்லதற்குத்தான் என்று போனைப் பைக்குள் போட்டேன்.

அவர் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது? பர்ஸ தொலைச்சிட்டியா?"

சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சாகச் சொன்னேன்.

"என் பேர்லயா?"

"உன் பேர்லதான்."

"இத்தினி நாளாவா? நீ ஏதோ கோலம் பாத்துக்கினு கீறேன்னு நெனச்சேன்." போனை வாங்கி ஒன்றிரண்டு மெயிலைப் படித்தார். "பரவால்ல, நா நல்லாத்தான் எழுதிக்கீறேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அடுத்ததைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் கம்பெனி டேங்க் பக்கத்துக் காற்றைப் பற்றி எழுதியது அது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"யார் யார் படிச்சிருப்பாங்க?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"யார் வேணா படிக்கலாமாம். ஆரம்பத்துல இருந்தே."

அவர் டீயைக் குடித்தார். சர்க்கரை போட மறந்திருந்தார், கேட்கவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆணியில் மாட்டியிருந்த கேட்பாஸை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். தேதி இருக்கிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது. அதை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, "காலையில தெரிஞ்சிடும்" என்றார்.

மறுநாள் அவர் முதல் ஷிப்டுக்குப் போனார். கேட்டில் பாஸைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். மதியம் புது மெயில் லிஸ்டில் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. சேர்ந்தேன். அன்று எதுவும் எழுதவில்லை.